சார்ஜ் ஏறாத வண்டி

என் வீட்டுக்காரர் வயலிலேயே இறந்துபோனார். சம்பாப் பயிருக்கு மேலுரம் போடக் காலையில் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார், சாய்ந்தார், அவ்வளவுதான். ஆளைத் தூக்கிக்கொண்டு வந்த அவசரத்தில் அவருடைய மோட்டார் சைக்கிளை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு அது வாய்க்கால் கரையிலேயே நின்றது. அடக்கம் முடிந்து பந்தலையும் பிரித்த பிறகு பக்கத்து வயல்காரர் அதைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் கொல்லையில் மாட்டுக் கொட்டகை ஓரமாக நிறுத்தினார். சாவியை என் கையில் கொடுக்க அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வண்டிக்கும் எனக்கும் வெகுநாள் பகை. கல்யாணத்துக்கு முன்பே யாரோ ஓட்டித் தேய்த்ததை இவர் வாங்கியிருந்தார். பெட்ரோல் குடிக்காது, சேற்றில் போகும், உர மூட்டை தாங்கும், எல்லாம் சரி. சார்ஜ் மட்டும் ஏறாது. சில வண்டிகள் பேட்டரி செத்துக் கிடந்தாலும் மிதித்தால் கிளம்பிவிடும். இது அந்த ரகம் இல்லை. பேட்டரியில் உயிர் இருந்தால்தான் பிளக்கில் தீப்பொறி வரும். வண்டி ஓடும்போது எஞ்சின் தானே கரண்ட் உண்டாக்கிப் பேட்டரியை நிரப்ப வேண்டும். இவர் வண்டியில் அது நடக்கவில்லை. இருப்பதைத் தின்றுகொண்டே ஓடும், தீர்ந்ததும் நடுவழியில் நின்றுவிடும்.

அதற்கு இவர் கண்டுபிடித்த வைத்தியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. பயிருக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயருக்கு ஒரு சார்ஜர் இருக்கும். தினமும் சாயங்காலம் வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து அந்தச் சார்ஜரில் மாட்டிவிடுவார். ஊரில் எல்லாரும் போனுக்குச் சார்ஜ் போட்டார்கள், இவர் மோட்டார் சைக்கிளுக்குப் போட்டார். மெக்கானிக்கிடம் போனால் புது பேட்டரி மாட்டிவிடுவார். கொஞ்ச நாள் ஓடும். பிறகு மறுபடியும் சமையலறை மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் பேட்டரி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எனக்கு ஏன் அத்தனை கோபம் என்றால், என் பிழைப்பே அதுதான். தஞ்சாவூரில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் எரித்து வைக்கிற மோட்டாரையும் மீட்டரையும் பிரித்துச் சரிசெய்து மறுநாள் அவர்கள் எரிப்பதற்குத் தயாராக வைப்பது என் வேலை.

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை வண்டிய எங்கிட்ட விடுங்க. கரண்டு எங்க போவுதுன்னு பாத்துச் சொல்லிடறேன்" என்பேன்.

"நடவு முடியட்டும்மா" என்பார்.

நடவு முடிந்தால் களை. களை முடிந்தால் உரம். அறுப்பு முடிந்தால் உளுந்து. குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவருக்கு ஓய்வான ஞாயிறு என்று ஒன்று காலண்டரில் அச்சடிக்கவே இல்லை. அவர் உயிரோடு இருந்தவரை வண்டி ரிப்பேர் பார்க்க ஒரு நாள்கூட என் கைக்கு வரவில்லை. போன பிறகுதான் வந்தது, அதுவும் என்னால் எங்கேயும் போக முடியாத நேரத்தில். எங்கள் பக்கம் கணவனை இழந்தவள் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை வாசல்படி தாண்டுவதில்லை. வீட்டுக்குள் இருக்கலாம், கொல்லைக்குப் போகலாம். என் உலகம் அதுவரைக்கும்தான் என்று ஆகியிருந்தது.

கொழுந்தனார் பேராவூரணியில் மனைவி ஊரோடு இருக்கிறார். தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். நல்ல மனிதர், அண்ணன் மேல் உயிர். காரியங்களுக்காக வந்து எங்களோடு தங்கியிருந்தவர் ஒரு காலையில் கொல்லைக்கு வந்து வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணி, இத அம்மா கண்ணுல படற மாதிரி வச்சிருக்க வேணாம். கருமாதி முடிஞ்சதும் காயலாங்கடைக்குப் போட்டுடறேன்."

"எனக்கு வேணும் தம்பி."

"ஓடாத வண்டிய வச்சுக்கிட்டு என்னண்ணி பண்ணப் போறீங்க?"

"ஓட வச்சுடறேன்."

அவர் சிரித்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவர் சிரிக்கவில்லை. துண்டால் சீட்டைத் துடைத்துக்கொண்டே, "ஓடுச்சுன்னா அது உங்களுக்குத்தான், நான் குறுக்க நிக்க மாட்டேன். ஓடலன்னா கருமாதி முடிஞ்ச அன்னிக்கே ஏத்திட்டுப் போயிடறேன். சரிங்களா?" என்றார். சரி என்றேன்.

எனக்கு அது ஏன் வேண்டும் என்பதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. வயல் எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் காலை முழுவதையும் தின்றுவிடுகிற தூரம். வாய்க்கால் கரைப் பாதையில் பஸ் கிடையாது, ஆட்டோ வராது. பயிர் தூர் கட்டுகிற பருவத்தில் நிற்கிறது. தண்ணீர் கட்ட வேண்டும், வடிக்க வேண்டும், தினமும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். "குத்தகைய விட்டுடு ஆயி, பொம்பள ஒண்டியா என்ன பண்ணுவே" என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். விட எனக்கு மனமில்லை. அது அவர் கையால் நட்ட பயிர், அதை நான் அறுக்க வேண்டும். கியர் வண்டி ஓட்டத் தெரியும், அதே கரையில் வைத்து அவர்தான் பழக்கினார். வண்டி ஓடினால் காலையில் வயலைப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, வேலைக்கும் போய்விடலாம். இதெல்லாம் அறிவு சொன்ன காரணம். இன்னொன்றும் இருந்தது. இந்தப் பூமியில் அவரோடு ஒட்டி உட்கார்ந்துகொள்ள எனக்கென்று இருந்த இடம் அந்தப் பின் சீட்டுதான். வீட்டில் நாலு பேர் இருப்பார்கள். அதில்தான் நாங்கள் இரண்டு பேராக இருந்தோம். அதை எப்படிக் காயலாங்கடைக்கு அனுப்புவேன்.

வேலையை மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தேன். லேபில் கழித்துப் போட்ட பழைய முள் மீட்டர் ஒன்று என்னிடம் உண்டு. எண் காட்டுகிற புது மீட்டர்களைவிட எனக்கு அதன்மேல் நம்பிக்கை. பேட்டரியைக் கழற்றி, அவர் செய்வது போலவே ஸ்பிரேயர் சார்ஜரில் போட்டு நிரப்பி, கொண்டுவந்து மாட்டினேன். சார்ஜ் கோளாறு பார்க்கிறவர்கள் முதலில் செய்வது ஒன்றுதான். மீட்டரின் இரண்டு கம்பியையும் பேட்டரியில் வைத்து, வண்டியைக் கிளப்பி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்க வேண்டும். வண்டி நிற்கும்போது பன்னிரண்டரை காட்டுகிற முள், ஓடும்போது பதினாலை ஒட்டி ஏற வேண்டும். ஏறினால் சார்ஜ் ஆகிறது, ஏறாவிட்டால் ஆகவில்லை.

மிதித்தேன். அத்தனை மழையில் நனைந்திருந்தும் அழகாகக் கிளம்பியது. முறுக்கினேன். முள் ஏறவில்லை. மெதுவாக இறங்கியது. சரிதான், நினைத்தது போலத்தான் என்று நிமிர்ந்தபோது அத்தையைப் பார்த்தேன்.

அத்தை என்றால் என் மாமியார். வீட்டுக்கு முன்புறம் உட்கார்ந்திருந்தவர், கொல்லைப் பக்கத்துப் பாதையில் இருக்கிற மூங்கில் படலிடம் எப்படி அவ்வளவு வேகமாக வந்தார் என்று தெரியவில்லை. மகன் அந்த வழியாகத்தான் வண்டியை உள்ளே கொண்டுவருவார். வண்டிச் சத்தம் வாய்க்கால் பாலத்தில் கேட்கும்போதே அத்தை எழுந்துபோய்ப் படலைத் திறந்து பிடித்துக்கொள்வார். இவர் இறங்கித் திறக்க வேண்டிய அவசியம் ஒரு நாளும் வந்ததில்லை. இப்போதும் அத்தை படலை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, வெறும் பாதையைப் பார்த்தபடி நின்றார். வண்டி அவருக்குப் பின்னால் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பாதையைத்தான் பார்த்தார்.

நான் எஞ்சினை நிறுத்தினேன். அத்தை திரும்பி என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், படலைச் சாத்திக் கயிற்றைக் கட்டிவிட்டு உள்ளே போனார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அத்தை அழாததை ஊரே பேசிக்கொண்டிருந்தது. மூத்த மகன் கிடந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றபோதும் அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டு மாரடித்த பெண்கள் விலகிப்போய், "கல்லாட்டம் இருக்கு பாரேன்" என்று கிசுகிசுத்தார்கள். எனக்கு அவரைத் தெரியும். கல்லெல்லாம் இல்லை. அவருக்குள் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை, நான் போய் அந்த நிலைமையில் வண்டிச் சத்தத்தைக் கேட்க வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எஞ்சினைக் கிளப்பாமலே கோளாறைக் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன். சார்ஜ் கோளாறைச் சத்தமில்லாமல் தேடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. லேபில் யாராவது இப்படிச் செய்தால் உனக்கென்ன கிறுக்கா என்று கேட்டிருப்பேன். ஓடும்போது மட்டும் வருகிற நோயை, ஓடாமல் நிற்கிறபோது பார்க்க வேண்டும். ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி, நீ நல்லவனா கெட்டவனா என்று தனித்தனியாக விசாரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

முதலில் பேட்டரி. நிரப்பி, வண்டியில் மாட்டாமல் சும்மா வைத்துப் பார்த்தேன். மறுநாளும் முள் அதே இடத்தில் நின்றது. பேட்டரி நல்லது. அப்படியானால் மெக்கானிக் மாற்றிய பேட்டரிகள் அத்தனையும் நல்லவைதான். பாவம், பழி மட்டும் அவற்றின் மேல் விழுந்திருக்கிறது. ஃபியூஸும் நன்றாக இருந்தது. அடுத்தது எஞ்சின் பக்கவாட்டில் இருக்கிற காயில், அதுதான் கரண்டை உண்டாக்குவது. சாவியைத் திறக்காமல் கிக்கரை மட்டும் மிதித்தால் எஞ்சின் சுற்றும், ஆனால் தீப் பிடிக்காது, சத்தமும் வராது. காயிலின் ஒயரில் மீட்டரை வைத்துக் கையாலேயே கிக்கரை அழுத்தினேன். முள் துள்ளி விழுந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி துள்ளியது. காயிலும் நல்லது.

இதற்கிடையே துக்கம் கேட்க வருகிறவர்கள் ஓயவில்லை. புருஷன் செத்துப் பத்து நாள் ஆகவில்லை, கையெல்லாம் கிரீஸோடு ஸ்பேனர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று அவர்களுக்குத் திகைப்பு. ஒரு சித்தி என் காதில் விழும்படியே, "மூலையில கெடந்து அழுவ வேண்டியவ" என்றார். அழுதுகொண்டுதான் இருந்தேன் என்று அவரிடம் யார் சொல்வது. கண்ணைத் துடைக்கக் கை சுத்தமாக இல்லாததால் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. ஸ்குரூவை எடுக்கும்போது அழுதேன், மாட்டும்போது அழுதேன். முள் துள்ளியபோது இவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று வாய் திறந்துவிட்டேன்.

அடுத்தது ரெக்டிஃபயர். காயிலிலிருந்து வருகிற கரண்டைப் பேட்டரி ஏற்றுக்கொள்கிற மாதிரி ஒரே திசையில் அனுப்புகிற சின்னப் பெட்டி. ஒரு பக்கம் விட வேண்டும், திருப்பி வைத்தால் விடக் கூடாது. சோதித்தேன். விட வேண்டிய பக்கம் விட்டது, விடக் கூடாத பக்கம் மறுத்தது. அதுவும் நல்லது. எனக்கு எரிச்சலாக வந்தது. பேட்டரி நல்லது, காயில் நல்லது, ரெக்டிஃபயர் நல்லது, ஆனால் சார்ஜ் ஏறாது. எல்லாரும் நல்லவர்களாக இருந்தும் வீடு உருப்படாமல் போவது உண்டே, அந்த மாதிரி. அப்படியென்றால் கோளாறு இவர்களுக்கு நடுவில்தான் இருக்க வேண்டும். ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். ரெக்டிஃபயரிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு ஓர் எர்த் ஒயர் போகிறது. அதில் வைத்தபோது முள் அசையவே இல்லை. அந்த ஒயர் சட்டத்தில் முடுக்கியிருக்கிற இடம் சீட்டுக்குக் கீழே, டூல்ஸ் வைக்கிற பெட்டிக்கு அடியில் இருந்தது. பெட்டியைத் திறந்தேன்.

டூல்ஸ் எதுவும் இல்லை. உள்ளே கொஞ்சம் நெல், ஒரு பழைய அரிவாள் பிடி, வரப்பில் எலிப்பொறி கட்டுகிற கயிறு. இவற்றுக்கு அடியில் ஒரு பாலிதீன் பை, வாழை நாரால் இரட்டை முடிச்சுப் போட்டது. பையின் அடி கிழிந்திருந்தது. உள்ளே செங்கல் பொடி நிறத்தில் ஈரம் கோத்துப்போன பொட்டாஷ் உரம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உரம் போட்டு முடித்ததும் கையளவு மிஞ்சும். அதைக் கொட்டிவிட்டு வர எங்கள் ஊரில் ஒருவருக்கும் மனசு வராது. அடுத்த தடவை ஓரத்துப் பயிருக்கு ஆகும் என்று கட்டி வைப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தால் மாடு நக்கிவிடும், அதனால் வண்டிப் பெட்டியிலேயே வைப்பார்கள். பொட்டாஷ் என்பது உப்புதான். மழை ஈரத்தில் கசிந்து இறங்கி, நேராக அந்த எர்த் முடிச்சின்மேல் விழுந்திருக்கிறது. செம்பு பச்சையாகப் பூத்து, போல்ட்டைச் சுற்றிக் கெட்டி தட்டிப்போயிருந்தது. எத்தனை போகமாக அந்தப் பை அங்கே இருந்ததோ. ஒவ்வொரு போகமும் மிச்சத்தை அதன் தலையிலேயே கொட்டி மறுபடி முடிந்திருப்பார். பயிருக்கு ஒரு பிடி வீணாகக் கூடாது என்று பார்த்த மனிதர், வருடக்கணக்காக ராத்திரி ராத்திரி பேட்டரியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

அவர் இருந்திருந்தால் நான் கத்தியிருப்பேன். உரத்த எங்க வச்சிருக்கீங்க பாத்தீங்களா, அறிவு இருக்கா உங்களுக்கு என்று ஊர் கேட்கக் கத்தியிருப்பேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அதான் கண்டுபுடிச்சிட்டியே, அப்பறம் என்ன என்றிருப்பார். அந்தச் சண்டை எனக்கு வேண்டும் போல இருந்தது. வேறு எதுவும் வேண்டாம், அந்த ஒரு சண்டையைப் போட வேண்டும். பையை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மாடு திரும்பிப் பார்த்தது.

பிறகு எழுந்து வேலையைப் பார்த்தேன். போல்ட்டைக் கழற்றி, பச்சையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிகிறவரை சட்டத்தையும் தேய்த்தேன். பூத்துப்போன ஒயர் முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவி, இறுக்கி முடுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். மீட்டரை வைத்தால் முள் கோடிவரை போனது. வேலை முடிந்தது. முடிந்ததா என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வண்டியைக் கிளப்பித்தான் ஆக வேண்டும். அது ஒன்றை மட்டும் எந்த மீட்டராலும் சத்தமில்லாமல் செய்ய முடியாது. நான் கிளப்பவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அவருடைய நோய் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

கருமாதி முடிந்தது. படையல் எடுத்து, பந்தி நடந்து, உறவுக்காரர்கள் மதியத்தோடு கலைந்துபோனார்கள். கொழுந்தனார் மட்டும் இருந்தார். வண்டியை ஏற்றிப்போக ஒரு குட்டியானை லோடு வண்டிக்குச் சொல்லியிருந்தார். அவர் என்னிடம் கேட்கத் தயங்கியதை நானே சொன்னேன்.

"கோளாறு புடிச்சுட்டேன் தம்பி. ஓட்டிப் பாக்க வேண்டியதுதான் பாக்கி. அத்தை இருக்காங்களேன்னுதான்…"

அத்தை கதவுக்குப் பின்னால் இருந்திருக்கிறார். "ஓட்டு" என்றபடி வெளியே வந்தார். "நான் இங்கயே ஒக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாதா? நீ ஓட்டு." கொட்டகைத் தூணை ஒட்டி ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

மீட்டரை மாட்டினேன். மிதித்தேன். வண்டி கிளம்பியது. மெதுவாக முறுக்கினேன். முள் பன்னிரண்டரையிலிருந்து நகர்ந்தது. பதின்மூன்றைத் தாண்டியது. பதினாலுக்குப் பக்கத்தில் போய் அசையாமல் நின்றது. ஹாரனை அடித்தேன், இண்டிகேட்டரைப் போட்டேன். கொஞ்சம் நடுங்கிவிட்டு அங்கேயே நின்றது. அவர் போன பிறகு முதன்முதலாக எனக்குச் சந்தோஷம் வந்தது. இவ்வளவுதாங்க, நான் சொன்னேன்ல, ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதான் கேட்டேன் என்று மனசுக்குள் அவரிடம் பேசிக்கொண்டே கொழுந்தனாரைப் பார்த்தேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை. அவர் கண் போன பக்கம் நானும் திரும்பினேன்.

தூணுக்குப் பக்கத்தில் பலகை மட்டும் கிடந்தது. படல் திறந்து கிடந்தது. அத்தை பைப்படியில் குனிந்து செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்ததைக் கொண்டுவந்து, மகன் சேறு கழுவுகிற கல்லின்மேல் வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து, செம்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

எஞ்சினை நிறுத்தினேன். நின்றதும் கொல்லை முழுதும் ஓசையடங்கிப்போனது. அத்தை செம்பைப் பார்த்தார். அதை வைத்தது யார் என்பது போலப் பார்த்தார். அப்புறம் என்னிடம், கெஞ்சுகிற குரலில், "தெரியும்டி. எல்லாம் தெரியுது. இந்தக் காலுதான் கேக்க மாட்டேங்குது" என்றார்.

வண்டியை விட்டுக்கொடு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கொழுந்தனார் சொன்ன சொல் மாறாதவர், வண்டி ஓடிவிட்டது, அது என்னுடையது. அத்தையும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். ஆனால் நான் காலையில் வயலுக்குப் போய்த் திரும்பும்போது பாலத்தில் சத்தம் கேட்கும். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும்போது கேட்கும். ஒவ்வொரு தடவையும் அந்தக் கால் எழுந்து ஓடும். படலைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார், நான் வந்து இறங்குவேன். என்னைப் பார்க்கும்போது அவர் முகத்தில் என்ன வருமோ, அதைத் தினமும் இரண்டு தடவை பார்க்க என்னால் முடியாது. பெற்றவளைத் தினமும் இரண்டு தடவை சாகடித்துவிட்டு எந்தப் பயிரை நான் அறுக்கப் போகிறேன்.

"தம்பி, நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"ஓடுதே அண்ணி."

"ஓடுது. அதனாலதான் சொல்றேன்."

"காயலாங்கடைக்கு இனிமே எனக்கு மனசு வராதுண்ணி."

"போடச் சொல்லல. நீங்க ஓட்டுங்க. தோப்புக்குப் போவ வர வச்சுக்கங்க."

"வயலுக்கு எப்படிப் போவீங்க?"

"நடந்து போறேன். இருட்டோட கெளம்பினா வேலைக்கும் போயிடலாம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குட்டியானைக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார். நான் அவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போட வேண்டிய அவசியம் இனி இல்லை. மழைக்காலம் முடிந்ததும் அந்த எர்த் போல்ட்டை ஒரு தடவை பாருங்கள். டூல்ஸ் பெட்டியில் தயவுசெய்து டூல்ஸை வையுங்கள். சொல்லிக்கொண்டே சீட்டின் பின்பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன். வெயிலில் நின்றதால் சூடாக இருந்தது. கையை எடுக்கவே வரவில்லை. கொழுந்தனார் எங்கேயோ பார்ப்பது போல நின்றார்.

வீட்டில் கிளப்ப வேண்டாம், பாலத்தையும் தாண்டித் தூரமாகத் தள்ளிக்கொண்டே போய் அங்கே கிளப்புங்கள் என்றேன். அவர் அப்படியே செய்தார். படலைத் தாண்டி, சேற்றில் சக்கரத் தடம் பதிய, தள்ளிக்கொண்டே போனார். நானும் அத்தையும் கொட்டகைத் தூணருகில் அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

நான் ஒன்றை யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் மேடும் இல்லை, மறைப்பும் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் தரையோடு தரையாக வயல்தான். பாலத்துக்கு அப்பால் வண்டி கிளம்பிய சத்தம் பக்கத்தில் நின்று கிளப்பியது போலக் கேட்டது. நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். எழுந்தால் அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்று இருந்தேன். அவர் எழவில்லை. தலையை மட்டும் சாய்த்துக் கேட்டார். இத்தனை வருடமாக அவர் அந்தச் சத்தம் நெருங்கி வருவதற்காகவே உட்கார்ந்திருந்தவர். காலையில் மகன் கிளம்பிப் போகிறபோது அவர் மாட்டோடும் பாத்திரத்தோடும் இருப்பார், போகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. இப்போது அது வாய்க்கால் கரையோடு விலகி, வயல்களுக்கு அப்பால், சின்னதாகிக்கொண்டே போனது.

"பெரியவன் போயிட்டான்டி" என்றார் அத்தை.

சொல்லிவிட்டு என் மடியில் கவிழ்ந்து அழ ஆரம்பித்தார். அவர் முதுகைத் தடவிக்கொண்டே நான் வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கேயாவது விட்டு விட்டு இழுக்கிறதா, திணறுகிறதா என்று காது பழக்கத்தில் தேடியது. எந்த இடத்திலும் தடுக்கவில்லை. வண்டி நன்றாகவே ஓடியது.